ஊசியைப் பாராத கண்கள்

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, அடுத்த மாதம் திருமணமாகவிருக்கும் ஒரு மகளின் தகப்பனார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்று செய்யப்பட்ட அழைப்பிதழ் அது. மணமகள் அதில் சேலை உடுத்தியிருக்கவில்லை. ஏதோ ஒரு பிரெஞ்சு அரண்மனையின் அறையில், பூக்களும் நாடாக்களும் மெல்லிய லேசும் நிறைந்த பெரிய கவுன் அணிந்து, முன்னே ஒரு பூத்தையல் சட்டத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். முகம் மட்டுமே அவளுடையது. உடலையும் உடையையும் அறையையும் கணினி வரைந்திருந்தது. "அஞ்சே நிமிஷத்துல வந்துடுச்சு பாஸ்டர்" என்றார் தகப்பனார். அழகாகத்தான் இருந்தது. வாழ்த்திவிட்டு வந்தேன்.

ஆயினும் அந்த அறையையும் அந்தச் சட்டத்தையும் எங்கோ பார்த்த நினைவு என்னை விடவில்லை. மயிலாப்பூர் வீட்டில் பழைய ஓவிய நூல் ஒன்று உண்டு. அன்று மாலை அதைத் தூசி தட்டி எடுத்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கணினி எதை மனத்தில் வைத்து வரைந்ததோ, அதன் மூலம் அங்கே இருந்தது: பிரான்சுவா ஊபேர் துருவே என்பவர் தீட்டிய மதாம் தெ பொம்பதூரின் எண்ணெய் வண்ண ஓவியம். இப்போது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. 1977இல் அந்தக் கூடம் அதை விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ 7 அடி உயரம். நின்று பார்ப்பவருக்கு ஆள் அளவிலேயே அந்தச் சீமாட்டி தெரிவார்.

ரொகோகோ என்று ஓவிய வரலாற்றில் சொல்லப்படும் பாணி இது. பதினான்காம் லூயி 1715இல் இறந்த பின்னர், பிரெஞ்சுப் பிரபுக்களின் வீடுகளில் கனத்த ஆடம்பரம் குறைந்து, கிளிஞ்சல் வளைவுகளும் மலர்க் கொடிகளும் இளம் நிறங்களும் நுழைந்தன. இந்தப் படத்திலும் அவை எல்லாம் உண்டு. ஆடையின் மடிப்புகள், புத்தகங்கள், ஒரு மேண்டலின், வண்ண நூல்கள் வைத்த சிறு மேசை, துள்ளும் ஒரு கறுப்பு நாய். நடுவில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், தலையில் எளிய லேஸ் தொப்பியுடன், நம்மை நேராகப் பார்க்கிறார். கண்களில் களைப்பும் கனிவும் கலந்திருக்கின்றன.

இந்தப் படத்தைப் பற்றிய ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அவருடைய முகம் முதலில் தனியே ஒரு சிறு துணியில் தீட்டப்பட்டது; பிறகுதான் அது பெரிய துணியில் பொருத்தப்பட்டது. ஓவியர் படத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்: முகம் 1763 ஏப்ரலில் நேரில் பார்த்துத் தீட்டப்பட்டது, படம் முடிந்தது 1764 மே மாதத்தில். பொம்பதூர் இறந்ததோ 1764 ஏப்ரல் 15 அன்று, 42ஆம் வயதில். ஆக, படம் முடிந்தபோது அதில் இருப்பவர் உயிரோடு இல்லை. முகத்தை மட்டும் எடுத்து மற்றதை வேறிடத்தில் செய்துகொள்ளும் வழக்கத்தை நம் காலத்துப் போலித்தனம் என்று கண்டிக்க நினைத்திருந்தேன். அந்தப் பிரசங்கக் குறிப்பை அங்கேயே கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

அவர் ஏன் பூத்தையல் சட்டத்தோடு அமர்ந்தார்? அவர் பிறப்பால் பிரபு குலத்தவர் அல்லர். இயற்பெயர் ழான் அந்துவானெத் புவாசோன். பாரிஸ் நகரத்து நடுத்தரக் குடும்பம். 1745இல் பதினைந்தாம் லூயி அரசனின் காதலியாக வெர்சாய் அரண்மனைக்கு வந்தபோதுதான் சீமாட்டிப் பட்டம் கிடைத்தது. புவாசோன் என்றால் பிரெஞ்சில் மீன். அந்தப் பெயரை வைத்தே கேலிப் பாட்டுகள் கட்டி அரண்மனையில் சிரித்தார்கள். (மீனின் பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்த முடியும் என்பதை நம் நொச்சிக்குப்பத்து மக்களிடம் சொன்னால் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது வேறு.) அவரை எளிதில் குற்றப்படுத்திவிடலாம். நான் அதற்கு விரும்பவில்லை. இருபது ஆண்டுகள் பிறர் நாவுக்கு அஞ்சி வாழ்ந்த பெண் அவர். அவருடைய ஒவ்வொரு படமும் ஒரு விண்ணப்பம். 1755இல் லா தூர் வரைந்த படத்தில் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று மேசைமேல் நிற்கிறது: நான் கற்றவள். 1756இல் பூஷே தீட்டிய படத்தில் கையில் புத்தகம், அருகில் எழுதும் மேசை: நான் சிந்திப்பவள். கடைசிப் படத்தில் பூத்தையல்: நான் உழைக்கும் நல்ல குடும்பப் பெண்.

அரசனின் கருவூலமே அருகிலிருந்தும், தமக்கு மரியாதை தேடி அவர் கடைசியில் சென்ற இடம் ஊசியும் நூலும் இருக்கும் இடம். இதைக் குறித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு தாயார் இருக்கிறார். மயிலாப்பூரில், கோயிலுக்குப் பின்னுள்ள சந்து ஒன்றில், ஓர் அறையும் ஒரு திண்ணையுமான வீட்டில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆரி வேலை செய்து வருகிறார். செவ்வாயன்று அவரைச் சந்திக்கச் சென்றபோது, கையில் இருந்த நூலைத் திறந்து படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இந்தம்மா வேலை செய்யலீங்க ஐயா. போட்டோவுக்கு உட்கார்ந்திருக்காங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கண்ணு துணியில இல்லையே. ஆரி போடறப்ப கண்ணை எடுத்தா கண்ணி தப்பிடும்."

ஓவிய ஆய்வாளர்கள் பலர் இப்படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறார்கள். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அவர் அப்படிச் சொல்ல உரிமை உடையவர். ஏனெனில் படத்தில் உள்ள சட்டமும் அவர் வீட்டுத் திண்ணையில் உள்ள சட்டமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரெஞ்சில் அதற்குத் தம்பூர் என்று பெயர். முரசு என்பது பொருள். முரசுத் தோலைப் போலத் துணியை இறுக இழுத்துக் கட்டுவதால் வந்த பெயர். நூல் துணிக்கு அடியில் இருக்கும். கொக்கி முனையுள்ள ஊசியை மேலிருந்து குத்தி, அடியிலுள்ள நூலைக் கண்ணியாக மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள்ளேயே அடுத்த கண்ணியைக் கோக்க வேண்டும். நம் தியாகராய நகர்க் கடைகளில் ஆரி என்று சொல்லப்படுவதும் இதே சங்கிலித் தையல்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கீழ்த்திசையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, பிரெஞ்சுச் சீமாட்டிகளுக்கு நாகரிகப் பொழுதுபோக்காக ஆன கலை அது.

இந்தியாவில் அதன் வேர் இன்னும் ஆழமானது. குஜராத்திலும் கட்சிலும் செருப்பும் சேணமும் தைத்த மோச்சிகள் என்னும் தோல் தொழிலாளர்கள், தோலைக் குத்தும் தங்கள் ஊசியையே மெல்லியதாக்கித் துணியில் பூ வரைந்தார்கள். அவர்கள் வேலைப்பாடு பதினேழாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி ஐரோப்பா சென்றது. தோலைத் தொட்டவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கருவியிலிருந்து பிறந்த கலையைக் கொண்டு, பிரெஞ்சு அரசனுக்கு அடுத்த செல்வாக்குடைய பெண் தம் கண்ணியத்தை நிலைநாட்ட முயன்றிருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரிந்தும் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

அந்தப் படத்துக்கும் நம் ஊருக்கும் வேறு உறவும் உண்டு. அவர் சீமாட்டியான மறு ஆண்டு, 1746இல், பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானை எதிர்த்து அடையாற்றின் கரையில் போரிட்டு வென்றது. இன்று மாலை நேரங்களில் நாம் கார்களில் கடக்கும் ஆறு அது. 1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலை அடிவாரத்திலும் சண்டை நடந்தது. அம்மாதமே ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, முற்றுகையைக் கைவிட்டார். அந்த ஏழாண்டுப் போரின் பழியைப் பிரெஞ்சு மக்கள் பொம்பதூர் மீதும் சுமத்தினார்கள். 1763 பிப்ரவரி 10 அன்று பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவில் பேரரசு அமைக்கும் பிரான்சின் ஆசை அதோடு முடிந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த முகத்தை ஓவியர் தீட்டினார். அந்தக் கண்களின் களைப்புக்கு அதுவும் ஒரு காரணமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

போர்கள் எதற்காக நடந்தன? பெரும்பாலும் துணிக்காக. அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் ஏற்றி, மெழுகு தடவி, எழுதுகோலால் கையாலேயே தீட்டி, மீண்டும் மீண்டும் அலசிக் காயவைத்த நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி ஐரோப்பாவைப் பித்துப் பிடிக்க வைத்தது. துவைத்தாலும் போகாத வண்ணத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. தங்கள் நெசவாளர் பிழைப்புப் போகிறது என்று அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இல் அத்துணியைத் தடை செய்தது; தடை 1759 வரை நீடித்தது. தெருவில் அதை உடுத்தி வந்த சாதாரணப் பெண்ணுக்கு அபராதம். அரண்மனைப் பெண்களோ வீட்டுக்குள் தாராளமாக உடுத்தினார்கள். இதே காலத்தில்தான், 1734இல், ஆங்கிலேய ஆளுநர் மார்ட்டன் பிட் கூவம் வளையும் இடத்தில் நெசவாளர்களையும் துணிக்குச் சாயம் தீட்டுவோரையும் குடியமர்த்தினார். சின்னத் தறிப்பேட்டை என்னும் அந்தக் குடியிருப்பே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. பெயரில் மட்டும் தறி மிஞ்சியிருக்கிறது.

இந்தத் துணிகளை வாங்கியவர்களின் முகங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வரிசையாகத் தொங்குகின்றன. நெய்தவர், தீட்டியவர் ஒருவரின் முகத்தையாவது நாம் அறிவோமா?

இன்றைக்கு வருகிறேன். நம் மணமகள்கள் திருமணத்தன்று வெள்ளைச் சேலை உடுத்தினாலும், ரவிக்கையின் கையிலும் முதுகிலும் ஆரி வேலை இல்லாமல் இப்போது கல்யாணம் இல்லை. பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் அணிந்து நிற்கும் ரவிக்கைகளைக் காண்கிறோம். அவற்றைச் செய்பவர்கள் மாடியறைகளில், வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்களாக, மின்விசிறி போட்டால் சமிக்கி பறக்கும் என்று விசிறியை நிறுத்திவிட்டுக் குனிந்திருக்கிறார்கள். அல்லது வீடுகளில், அடுப்பை அணைத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்த பின் சட்டத்தின் முன் உட்காரும் பெண்கள். கழுத்தும் தோளும் முதலில் போகும், பிறகு கண்.

ஆபரணமே கூடாது என்று பிரசங்கிக்கும் ஊழியர் சிலர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆசரிப்புக்கூடாரத்தின் சித்திரத்தையலுக்கு ஞானம் தேவனிடமிருந்தே வந்தது என்று வேதம் காட்டுகிறது. பெசலெயேல், அகோலியாப் என்று வேலை செய்தவர்களின் பெயரையும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. அழகு குற்றமன்று. அழகை விரும்பிவிட்டு அதைச் செய்த கையின் கூலியில் பேரம் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அன்பானவர்களே, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் திருமண ரவிக்கையைத் தியாகராய நகரில் ஒரு கடையில் கொடுத்தோம். வாங்கச் சென்ற நாளில் நான் கடைக்காரரோடு அரைமணி நேரம் வாதாடி, சொன்ன விலையில் நல்ல தொகையைக் குறைத்தேன். "பாஸ்டர் என்பதால்" என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் அதைப் பெருமையாகவும் சொன்னேன். கடந்த செவ்வாயன்று, பேச்சுவாக்கில், அந்தக் கடைக்கு அந்நாளில் வேலை செய்துகொடுத்தது இதே தாயார்தான் என்று தெரிந்தது. "அந்த மாசம் ஒரு ரவிக்கைக்குக் கூலி குறைச்சுக் கொடுத்தாரு. பார்ட்டி ரொம்பப் பேரம் பேசிட்டாங்கன்னு சொன்னாரு" என்றார். யார் அந்தப் பார்ட்டி என்று அவருக்குத் தெரியாது. நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அப்போது வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கடையில் கூடுதலாகக் கொடுத்தால் அது தையற்காரிக்கா போய்ச் சேரப்போகிறது?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் போகாது. ஆனால் நாம் குறைக்கும் தொகை மட்டும் தவறாமல் அவள் வரை போய்ச் சேர்கிறது. அதை இப்போது நான் அறிவேன். நம் சபைகளிலேயே இந்த வேலை செய்யும் சகோதரிகள் எத்தனையோ பேர். கடைக்குப் போகுமுன் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். கடைக்கே போனாலும், யார் செய்தார்கள் என்று பெயரைக் கேட்கலாம், முன்பணம் கொடுக்கலாம், கல்யாணச் செலவில் கடைசியில் மிஞ்சியதைக் கொண்டு தையல் பாக்கியைத் தீர்க்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். மண்டபக்காரருக்கும் சமையற்காரருக்கும் இப்படிக் கடன் சொல்ல நமக்குத் துணிவு வராது அல்லவா?

பொம்பதூரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு யோப்பா பட்டணத்து மேல்வீட்டறை நினைவுக்கு வருகிறது. தொற்காள் இறந்து கிடக்கிறாள். அவள் முகம் எப்படியிருந்தது என்று லூக்கா நமக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விதவைகள் அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டுகிறார்கள். ஒருவேளை தாங்கள் உடுத்தியிருந்தவற்றையே தொட்டுக் காட்டியிருக்கலாம். இறந்த பின் காட்டப்பட்ட சித்திரம் அது. கையால் செய்ததே அவளுக்கு முகம். அந்தச் சம்பவம் முடிந்ததும் பேதுரு எங்கே தங்கினார் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது, பலர் கவனிப்பதில்லை: தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். தையற்காரியின் மரணப் படுக்கையிலிருந்து தோல் தொழிலாளியின் வீட்டுக்கு அப்போஸ்தலன் நேரே போகிறார். நாற்றம் வீசும் தொழில் என்று அக்காலத்து யூதரும் ஒதுக்கி வைத்த வீடு அது. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்துவந்தும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் அந்தச் சந்துக்குப் போனேன். ஓர் உறையில் பணமும், கைப்பையில் மகளின் திருமண ஆல்பமும் இருந்தன. அந்தப் பார்ட்டி நான்தான் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. உறையை வாங்கி வேத புத்தகத்துக்கு அடியில் வைத்தார், பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு, "முதுகுல திராட்சைக் கொடி போட்டதா ஐயா?" என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. இருவரும் ஆல்பத்தைப் புரட்டினோம். எல்லாப் படங்களிலும் மகள் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடக் குனிந்த ஒரே படத்தில்தான் முதுகு தெரிந்தது. திராட்சைக் கொடிதான். அவர் ஆல்பத்தை விளக்கின் அருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இங்க ஒரு இலை விட்டுப்போச்சு ஐயா" என்றார். "அவசரத்துல பார்க்கல."